சூ சொன்னது யார்?

தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க, ஒரே ஒரு சந்தேகம். நாயைப் பார்த்து 'சூ'ன்னு சொன்னா உங்க ஊர்ல அது என்ன செய்யும்?

பாயும். அப்படித்தானே? பாய்ஞ்சு போய்ப் புடிக்கும். எந்த ஊரு நீங்க? நாமக்கல்லா. சரி, நாமக்கல்லுலயும் பாயுது. பிளேன்ல எனக்குப் பக்கத்துல ஒரு தஞ்சாவூர் அம்மா வந்தாங்க, அவங்க ஊர்லயும் பாயுதாம். சென்னையில பெட்டியை எடை போட்ட பிள்ளைகிட்டயும் கேட்டேன். 'எங்க வீட்ல நாயே கிடையாது அங்கிள்'னுருச்சு. அதைக் கணக்குல சேர்க்க வேண்டாம். தமிழ்நாடு பூரா 'சூ'ன்னா புடி. உலகத்துலயே ஒரு ஆளுக்கு மட்டும்தான் அது வேற. அந்த ஆளைப் பார்க்கத்தான் இப்ப போய்க்கிட்டிருக்கேன்.

உக்காருங்க தம்பி. உங்க பிளேனுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கிடக்கு, போர்டுல நானே பார்த்துட்டேன். இந்தக் கத்தார் ஏர்போர்ட்டுல தமிழ் முகத்தைத் தேடி மூணு ரவுண்டு அடிச்சேன். ஒருத்தரைப் பார்த்து ஆசையாப் போய் உக்கார்ந்தா அவரு மலையாளி. அந்தப் பையை இங்கிட்டு வைங்க, யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க.

நான் சேவுகப்பெருமாள். ஊரு சிங்கம்புணரி. ஈ.பி.யில முப்பத்தி நாலு வருஷம் லைன்மேன். மக வளர்மதி அமெரிக்காவுல இருக்கா. எந்த ஊருன்னு கேட்டா மொன்டானாங்குறா. எங்க தெருவுல யார்கிட்டச் சொன்னாலும், 'மாண்டானா? யாரு? எப்போ?'ன்னு பதறுறாங்க. என்ன பேருய்யா இது. போன கார்த்திகையில நானும் எங்க வீட்டம்மாவும் அங்க போனோம், பங்குனியில திரும்பினோம். இந்தத் தடவை அவ வரலைன்னுட்டா. 'பனியையும் பார்த்தாச்சு, நீங்க பண்ண கூத்தையும் பார்த்தாச்சு, எனக்குப் போதும்'னுட்டா. நான் பண்ண கூத்தாம். நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க, கூத்து பண்ணது யாருன்னு.

அந்த ஊருல குளிரு எப்படின்னா, வாசல்ல துப்புனா எச்சி கீழ விழும்போது சத்தம் கேக்கும். நிஜமாத் தம்பி. மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு கம்ப்யூட்டர்ல பேசுவாங்க. பேரன் ஸ்கூலுக்குப் போயிருவான். வீட்டம்மா போன்ல சீரியல். நான் யார்கிட்டப் பேச? ஃப்ரிட்ஜோட பேசுனேன். விளையாட்டுக்குச் சொல்லலை. அது 'உர்ர்'ங்கும், 'சரி சரி, மெதுவா'ன்னு சொல்லுவேன்.

பத்தாம் நாளு மங்கி குல்லா, மாப்பிள்ளை ஜாக்கெட், உள்ளுக்குள்ள கழுத்தைச் சுத்திக் காசித்துண்டு, இந்தக் கோலத்துல வெளிய கிளம்புனேன். பக்கத்து வீட்டுல கம்பி வேலிக்குள்ள நாலு நாயி. நம்மூரு நாய் மாதிரி இல்ல. காது ரெண்டும் தோள்பட்டை வரைக்கும் தொங்குது, குரைக்கிறதே சங்கு ஊதுற மாதிரி. என்னைப் பார்த்ததும் நாலும் சேர்ந்து ஊத ஆரம்பிச்சிருச்சு. நான் நின்னு, 'ச்சீ, படு'ன்னேன். மூணு கேக்கலை. ஒண்ணு, பொட்டை நாயி, வயசானது, அப்படியே படுத்துருச்சு.

வீட்டுக்குள்ள இருந்து ஒரு ஆளு வந்தாரு. எழுபது வயசிருக்கும். நெடு நெடுன்னு எங்க ஊரு மின்கம்பம் மாதிரி. படுத்துக்கிடந்த நாயைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. என்ன சொன்னேன்னு கேட்டாரு. 'படு'ன்னேன். அவரு நாயைப் பார்த்து 'படூ'ன்னு சொல்லிப் பார்த்தாரு. அது எந்திரிச்சு நின்னுக்கிச்சு. அன்னைக்குத்தான் ரெண்டு பேரும் சிநேகிதமானோம்.

அவரு பேரு டெல்பர்ட். சம்சாரம் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாம். நாய்க்குப் பேரு ஹேஸல். எனக்கு அது ஏசல்னுதான் வாயில வரும். ஏசல்னா எங்க பக்கம் வசவு. அருமையா வளர்க்குற பொம்பளைப் பிள்ளைக்கு எவனாச்சும் வசவுன்னு பேரு வைப்பானா? சேவுகப்பெருமாள்ங்குறது அவரு வாயில நுழையலை, 'சேவ்'னு கூப்பிட்டாரு. காராச்சேவு மாதிரி. சரி, அவரு நாய் ஏசலு, நான் சேவு, கணக்கு நேராப் போச்சுன்னு விட்டுட்டேன்.

தினம் காலையில போயி நாய்க் கொட்டகையில உக்கார்ந்துக்குவேன். நான் தமிழ்லயும் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்லயும் பேசுவேன். லைன்ல எந்த வருஷம் எவன் ஷாக் அடிச்சு விழுந்தான், எந்த இன்ஜினியரு எவ்வளவு மோசம், எல்லாம் சொல்லிட்டேன். அவரு 'யெப்'ம்பாரு, ஆமாங்குறதுக்கு. அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு 'யெப்'. ரெண்டு சொன்னாருன்னா அன்னைக்கு ரொம்பக் குஷியா இருக்காருன்னு அர்த்தம். பேசத் தெரியாத மனுஷன், பாவம். நான் போனதுனாலதான் அந்த வீட்டுல ஒரு கலகலப்பே வந்துச்சு.

அந்த நாய்க எதுக்குன்னா, மலைச்சிங்கம் வேட்டைக்கு. பனி விழுந்த மறுநாள் தடம் பார்த்து, நாயை விட்டு விரட்டி, மரத்துல ஏத்தி விடுறதாம். எனக்கு ரத்தம் சூடாயிருச்சு தம்பி. சின்ன வயசுல எங்க கண்மாய்க் கரையில முயல் வேட்டைக்கு நாய் விட்டவன் நான். இப்பல்லாம் போனா கேஸு. அப்ப யாரு கேட்டா. புதருக்குள்ள முயல் அசைஞ்சாப் போதும், 'சூ'ன்னு ஒரு சொல்லு, கையை எடுக்குறதும் நாய் போறதும் ஒண்ணா நடக்கும். கூட்டத்துலயே என் கைதான் வேகம். வேணும்னா எங்க ஊர்ல வந்து விசாரிச்சுக்கங்க.

'நானும் வர்றேன்'னேன். 'யெப்'ன்னாரு.

வளர்மதி விட மாட்டேன்னா. 'அப்பா, நீங்க வந்திருக்கிறது விசிட்டர் விசாவுல. துப்பாக்கியைத் தொட்டீங்க, நான் பொறுப்பில்ல'ன்னா. நான் ஏன் துப்பாக்கியைத் தொடுறேன்? என் வேலை நாய். டெல்பர்ட்டே பிரிச்சுக் கொடுத்துட்டாரு. மத்த மூணும் கடுவன், ஓடுற நாயி. ஏசலுக்கு இடுப்பு எலும்பு தேய்ஞ்சு போச்சு, பதினோரு வயசு, ஓட விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா தடத்தை மோந்து பார்த்து இது புதுசா பழசான்னு சொல்ல அதை விட்டா ஆளு கிடையாது. அதனால ஏசல் மோந்து மட்டும் பார்க்கும், அப்புறம் கயித்துல வரும். அந்தக் கயிறு என் கையில. எங்க போனாலும் காட்டிக் கொடுக்குற பட்டை மத்த மூணு கழுத்துலயும் இருந்துச்சு. ஏசலுக்கு மட்டும் கட்டலை. ஓடாத நாய்க்கு எதுக்குன்னு. 'சேவ், என்ன ஆனாலும் கயித்தை விடக் கூடாது'ன்னாரு. நான் 'யெப்'ன்னேன்.

விடிஞ்சும் விடியாம வண்டியில காட்டு ரோட்டுல ஊர்ந்து போனோம். ரோட்டைக் குறுக்க வெட்டிக்கிட்டு ஒரு தடம். ஒரு டீ கப்பு வாய் அகலம், உருண்டையா, நகம் பதியாம. டெல்பர்ட் மண்டி போட்டுப் பார்த்தாரு. ஏசல் மூக்கை வச்சுது, தலையைத் தூக்குச்சு, ஒரு ஊது ஊதுச்சு பாருங்க, எனக்கு மயிர்க்கால் எல்லாம் நின்னுருச்சு. கடுவன் மூணையும் அவுத்து விட்டாரு. சத்தம் மலை ஏறிப் போச்சு. நாங்க பின்னால நடந்தோம். முழங்கால் அளவு பனி. மூணு மணி நேரம். எனக்கு மூச்சு வாங்குது, ஆனா வாய் மூடலை. அவருக்கு வழி நெடுகத் தைரியம் சொல்லிக்கிட்டே போனேன்.

திடீர்னு நாய்க சத்தம் மாறுச்சு. அதுவரைக்கும் நீளமா ஊதுனது இப்ப வெட்டி வெட்டி வருது, ஒரே இடத்துல. டெல்பர்ட் கையை மேல காட்டுனாரு. மரத்துல ஏறிருச்சுங்குறாரு.

போய்ப் பார்த்தா பைன் மரம். ஒரு முப்பதடி உசரத்துல உக்கார்ந்திருக்கு. சிங்கம்னு பேரு, பிடரியைக் காணோம். காஞ்ச புல்லு நிறத்துல ஒரு பெரிய பூனை, ஆள் நீளத்துக்கு வாலு. பேர்லயே சிங்கம் இருக்குற ஊர்க்காரன் நான், எனக்கே ஏமாத்தமாப் போச்சு. ஆனா அது குனிஞ்சு என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. அதுக்கப்புறம் நான் ஒண்ணும் குறை சொல்லலை.

டெல்பர்ட் பைனாகுலரை எடுத்து வாலுக்குக் கீழ ரொம்ப நேரம் பார்த்தாரு. பொட்டை. பால் குடிக்கிற குட்டி வச்சிருக்கும் போலன்னாரு. அப்புறம் பையில கையை விட்டாரு. துப்பாக்கி வருதுன்னு நான் காதைப் பொத்துனேன். கேமரா வருது. நாலு போட்டோ எடுத்தாரு. சிரிச்சாரு. நான் பார்த்தவரைக்கும் அந்த மனுஷன் சிரிச்சது அன்னைக்குத்தான். 'வீட்டுக்குப் போவோம்'னாரு.

என்னது, வீட்டுக்கா? நாலு போட்டோவுக்கா விடியக்காலையில எந்திரிச்சேன்? கேட்டேன். ஒம்பது வருஷமா அவரு எதையுமே சுடலையாம். குட்டி உள்ளதைச் சுட்டா சட்டப்படியும் தப்பாம். நாய்க்கு ஓடணும், அவருக்குப் பார்க்கணும், அவ்வளவுதானாம். துப்பாக்கி வண்டியிலயே கிடக்கு, எடுத்துக்கிட்டே வரலை. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. கல்யாண வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி இலையை மட்டும் காட்டிட்டு எழுப்பி விட்ட மாதிரி.

இப்பத்தான் கவனிக்கணும். கடுவன் மூணையும் புடிச்சுத் தள்ளி ஒரு மரத்துல கட்டிட்டாரு. ஏசல் என் கயித்துல. நாங்க கிளம்பத் திரும்புறோம், பொத்துன்னு ஒரு சத்தம். அது குதிச்சிருச்சு. குதிச்சது ஓட வேண்டியதுதானே? ஓடலை. பத்தடி தள்ளி நின்னு எங்களையே பார்க்குது. காதைப் பின்னால மடக்கிக்கிச்சு. டெல்பர்ட் தொப்பியைக் கழட்டி ஒரு கையில ஆட்டிக்கிட்டே மெதுவா, 'ஷூ... ஷூ...'ங்குறாரு.

நீங்களே சொல்லுங்க தம்பி. எதிர்ல மிருகம். கையில நாய். முதலாளி 'சூ'ங்குறாரு. நான் என்ன செய்யணும்?

கயித்தை விட்டேன்.

முப்பத்தி நாலு வருஷம் கம்பத்துல ஏறி உசிரோட இறங்கிருக்கேன்னா அதுக்கு ஒரே காரணம், சொன்ன சொல்லை அந்த நொடியே செய்யுறது. 'ஆஃப் பண்ணு'ன்னா ஆஃப். ஏன் எதுக்குன்னு யோசிக்கிறவன் கரிக்கட்டையாயிருவான். சொன்னாரு, செஞ்சேன். ஏசல் பறந்துச்சு. இடுப்பு தேய்ஞ்ச நாயா அது? சிங்கம் ஒரே தாவுல மேட்டைத் தாண்டிருச்சு, பின்னாடியே ஏசலும் தாண்டிருச்சு. சத்தம் போகப் போகத் தேய்ஞ்சு அப்புறம் இல்லாமப் போச்சு.

டெல்பர்ட் திரும்பி என்னைப் பார்த்தாரு. வையலை, அடிக்கலை. 'ஏன்?'னாரு. 'யூ டோல்டு சூ, ஐ சூ'ன்னேன். அதுக்கு மேல எனக்கு இங்கிலீஷ் வரலை.

பொழுது சாயுற வரைக்கும் தேடுனோம். மேட்டுக்கு அந்தப் பக்கம் பாறை, காத்து தடத்தை மூடிருச்சு. கிளம்பும்போது டெல்பர்ட் போட்டிருந்த கோட்டைக் கழட்டி, நான் கயித்தை விட்ட அதே இடத்துல பனியில விரிச்சாரு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. நாங்களும் அதைத்தான் செய்வோம். வேட்டையில நாய் தப்பிப் போச்சுன்னா அவுத்து விட்ட இடத்துல சட்டையைப் போட்டுட்டு வருவோம், அது வாடைக்கு வந்து படுத்துக்கும். நானும் காசித்துண்டை உருவி கோட்டுக்குப் பக்கத்துல விரிச்சேன். அவரு பார்த்தாரு. அந்தக் குளிர்ல வெறும் சட்டையோட நடந்து வந்து வண்டி ஓட்டுனாரு மனுஷன்.

வீட்டுக்கு வந்து வளர்மதிகிட்டச் சொன்னேன். தலையில கையை வச்சுக்கிட்டா. 'அப்பா, ஷூன்னா ஓடிப் போன்னு அர்த்தம்ப்பா. காக்காயை, கோழியை விரட்டுறதுக்குச் சொல்றது. அவரு சிங்கத்தைப் போகச் சொல்லியிருக்காரு.' பார்த்துக்கங்க. அங்க ஓடிப் போ, இங்க ஓடிப் புடி. ஒரே சொல்லு. இதுல என் தப்பு எங்க வந்துச்சு? வேற சொல்லா கிடைக்கலை அவருக்கு?

மறுநாளு போனோம். கோட்டும் துண்டும் அப்படியே பனி மூடிக் கிடக்கு. என்னால அன்னைக்குச் சாப்பிட முடியலை. வீட்டம்மா வச்ச மிளகு ரசத்தைக் கூடத் தொடலை. பதினோரு வயசுக் கிழவி, அந்தப் பனியில, இடுப்பு வலியோட. நான் விட்டது. யாரு சொல்லி விட்டேங்குறது வேற கேஸு. விட்டது இந்தக் கை.

மூணாம் நாள் காலையில போனா, கோட்டு மேல கறுப்பா ஒரு மூட்டை. ஏசல். ஒரு காது கிழிஞ்சு தொங்குது, ரத்தம் உறைஞ்சு போயிருக்கு, கண்ணை மட்டும் திறந்துச்சு. உசிரு இருந்துச்சு தம்பி. எனக்கு அழுகை வந்துருச்சு, வெக்கமில்லாம அழுதேன். உண்மையைச் சொல்லணும், உடம்பு கோட்டு மேல கிடந்தாலும் மோவாய் என் துண்டு மேலதான் இருந்துச்சு. வீட்டம்மா கிட்டச் சொன்னா 'ஆமா, அளந்து பார்த்தீங்க'ங்குறா. இருந்துச்சு. நான் பார்த்தேன்.

டெல்பர்ட் அதைக் கோட்டோட சேர்த்துச் சுருட்டித் தோள்ல போட்டாரு. துண்டை விட்டுட்டாரு. தெரியாம விடலை, காலால விலக்கிட்டுப் போனாரு. நான் எடுத்து உதறிக் கழுத்துல போட்டுக்கிட்டேன்.

அதோட சரி. பேச்சு இல்ல. காலையில கொட்டகைக்குப் போனா உள்ள தாழ்ப்பாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு 'குட் மார்னிங்'ம்பேன். யெப்பும் கிடையாது. வளர்மதி போய்க் கேட்டா. அவகிட்ட அவரு சொன்னது என்ன தெரியுமா? கயித்தை விட்டதுக்குக் கோவம் இல்லையாம். சொல்லு புரியாமப் போறது யாருக்கும் நடக்கும்னாராம். 'கயித்தை விடும்போது உங்கப்பா சிரிச்சாரு. நான் பார்த்தேன்'னாராம்.

நான் சிரிச்சேனாம். மைனஸ் இருபது குளிரு தம்பி. உதடு இழுத்துக்கிட்டு நின்னுச்சு. அது சிரிப்பு மாதிரி தெரியாதா? எங்க வீட்டம்மா கூட, 'நீங்க இழுத்துக்கிட்டாலும் தெரியும், சிரிச்சாலும் தெரியும்'ங்குறா. அவ யாரு பக்கம்னே தெரியலை.

பங்குனியில நாங்க கிளம்புற அன்னைக்கு அவரு வண்டி வாசல்லதான் நின்னுச்சு. ஆளு வெளிய வரலை. நான் வேலிகிட்ட ரொம்ப நேரம் நின்னேன். மாப்பிள்ளை ஹாரன் அடிச்சதும் ஏறிட்டேன்.

ஊருக்கு வந்து ஏழு மாசம், பார்க்குறவங்க கிட்டல்லாம் 'சூ'ன்னா என்னன்னு கேட்டேன். எல்லாரும் என் பக்கம்தான். ஒருத்தர் பாக்கி இல்ல. ஆனா பாருங்க, ஜெயிச்ச மாதிரியே இல்ல.

உங்ககிட்ட மட்டும் சொல்றேன், வளர்மதியைப் பார்த்தாச் சொல்லிறாதீங்க. சிரிச்சேன். அந்தச் சொல்லு காதுல விழுந்ததும் கண்மாய்க்கரை ஞாபகம் வந்துருச்சு, கை முந்திக்கிச்சு. 'விடக் கூடாது'ன்னு அவரு சொன்னது அந்த நொடியில காதுலதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் விட்டேன். சிங்கத்துக்கிட்ட ஏசல் என்ன பாடுபடும்னு நினைக்கலை, அதுதான் நான் செஞ்ச தப்பு.

இப்ப ஐப்பசியில வளர்மதி போன் பண்ணா. டெல்பர்ட் படியில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சாம். ஆபரேஷன். ஆறு வாரம் நாற்காலியை விட்டு எந்திரிக்கக் கூடாதாம். நாய்களைப் பார்க்க ஆள் ஏற்பாடு பண்றேன்னு இவ சொல்லியிருக்கா. வேணாம்னுட்டு, 'இந்தக் குளிருக்கு உங்கப்பா வருவாரா?'ன்னு கேட்டாராம். நான் அன்னைக்கே பெட்டியை இறக்கிட்டேன்.

கூடவே ஒரு பேப்பர்ல நாய்களை எப்படிப் பார்த்துக்கணும்னு எழுதிக் கொடுத்திருக்காரு, அதை இவ வாட்ஸ்அப்புல போட்டோ எடுத்து அனுப்பினா. ஊர்ல ஜெராக்ஸ் கடையில பெருசா எடுத்து வச்சிருக்கேன். இந்தா பாருங்க. பெரிய எழுத்துல இருக்குறதை நானே எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டேன். காலை ஆறு மணிக்குத் தீனி. தண்ணி உறையக் கூடாது. ஏசல் ராத்திரி வீட்டுக்குள்ள அடுப்போரம், மாத்திரை ரெண்டு. நாலாவது பாருங்க, கோடு போட்டிருக்காரு. நாய்களோட பேசக் கூடாது. ஒரு வார்த்தை கூடக் கூடாது. எனக்குச் சுருக்குன்னுச்சு, இருந்தாலும் நியாயந்தானேன்னு ஒத்துக்கிட்டேன். ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாதேன்னுதான் இப்பவே உங்ககிட்டக் கொட்டிக்கிட்டிருக்கேன்.

ஆனா அதுக்குக் கீழ ஒரு வரி இருக்கு பாருங்க, கோழி கிளறுன மாதிரி சேர்த்து எழுதியிருக்காரு. அதுதான் எனக்கு விளங்கலை. வளர்மதி 'படிச்சுட்டீங்களாப்பா'ன்னா, 'ஆச்சு'ன்னுட்டேன். அவகிட்டக் கேக்கப் பயமா இருந்துச்சு. வசவா இருந்து அதை மக வாயால கேக்கணுமா? நீங்க படிச்சவரு. வசவா இருந்தாலும் மறைக்காதீங்க. நான் எப்படியும் போகத்தான் போறேன், ஏசலைப் பார்க்கணும்.

படிங்க.

என்ன?

இன்னொரு தடவை மெதுவாப் படிங்க தம்பி. 'என்கிட்டப் பேசு'ன்னா போட்டிருக்கு? 'வீடு ரொம்ப அமைதியா இருக்கு'ன்னா?

நல்லாப் பார்த்துட்டீங்களா. தப்பாப் படிக்கலையே.

கண்ணு எரியுது, இந்த ஏசி காத்து. அந்தப் பேப்பரைக் கொடுங்க, மடிச்சு உள்பையில வச்சுக்கிறேன். என்கிட்டப் பேசுங்குறாரு. ஆறு வாரத்துக்கு அவ்வளவு இங்கிலீஷுக்கு நான் எங்க போவேன் தம்பி?